புங்கமரத்துப் பொய்க்காய்

கச்சேரி ரோட்டில் ஹபீபுர் ரஹ்மானின் நாட்டு மருந்துக் கடைப் படி ஏறும்போதே ஹம்சினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால். நாலு மணிக்குக் கல்லூரியில், தனபாலன் சாரின் அறையில் இருக்க வேண்டும். தோள்பையில் இருநூற்றுப் பதினான்கு பக்கம் கனத்துக்கொண்டிருந்தது. மந்தைவெளியில் கம்ப்யூட்டரில் அடித்து, சூடு ஆறாமல் வாங்கி வந்த ஆய்வேடு. அதில் சார் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாலு வருஷத்து வேலை முடிந்தது. போடாவிட்டால் வம்பு. அவர் இந்த ஏப்ரல் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். அப்புறம் வேறொரு வழிகாட்டியைத் தேடிப் பிடித்து, மறுபடி பதிவு செய்து, இன்னும் ஒரு வருஷம் அலைய வேண்டும்.

இந்த அவசரத்தில்தான் அம்மா கோமளம் ஒரு வேலை கொடுத்திருந்தாள். அக்கா ஸ்ரீலக்ஷ்மி பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. உரைமருந்துக்கு வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய்.

ஹபீபுர் ரஹ்மான் தரையில் சாக்கு விரித்து, மாசிக்காயைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுப்பார், விரலில் உருட்டுவார், இடது பக்க டின்னிலோ வலது பக்க டின்னிலோ போடுவார்.

"வாம்மா. கொயந்த எப்டி கீது?"

"நன்னா அழறது பாய். சீக்கிரம் குடுங்கோ, நாலு மணிக்குப் போகணும்."

"உங்க ஊட்ல எல்லாருக்கும் நாலு மணிக்கு இன்னாதாம்மா? போன வாரம் உங்கம்மாவும் நாலு மணின்னுதான் பறந்தாங்க."

அவர் எழுந்திருக்கும் வழியாக இல்லை. ஹம்சினிக்கும் அந்தக் காய்களைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் நாலு வருஷமாகச் செய்வது இந்த விஷயத்தைத்தானே.

"பாய், இது காயே இல்ல, தெரியுமோ? துருக்கிப் பக்கம் ஓக்னு ஒரு மரம். ஒரு சின்னக் குளவி அதோட மொட்டுல முட்டை வைக்கும். மரம் அந்தப் புழுவைச் சுத்தி இப்படி ஒரு உருண்டையக் கட்டிடும்..."

"பூச்சி ஊடு" என்றார் அவர், தலை நிமிராமல். "எங்க தாத்தாவுக்கே தெரியும்மா. அதான ஓட்டை பாத்துக்கினு கீறேன்."

ஓட்டை இல்லாத மாசிக்காய் கனமாக இருக்கும், துவர்ப்பு உள்ளேயே நிற்கும், அது மருந்துக்கு. ஓட்டை விழுந்தது லேசு, பூச்சி வெளியே போனதோடு சாரமும் போயிற்று, அது சாயத்துக்கு. சில பேர் ஓட்டையில் மெழுகை வைத்து அடைத்து, நல்ல காயோடு கலந்து தள்ளிவிடுவார்களாம். அதற்காகத்தான் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்ப்பது. ஹம்சினி பொறுமையில்லாமல் ஒன்றை எடுத்து உருட்டினாள். அதில் ஓட்டை இருந்தது, ஆனால் ஊசி குத்தியது போல் மிகச் சின்னதாக.

"இது என்ன பாய், இவ்ளோ சின்னதா இருக்கு?"

"அது திருடன் போன வாசல்."

"திருடனா?"

"ஊட்டுக்காரன் போனா இம்மாம் பெருசு இருக்கும்." இன்னொன்றை எடுத்துக் காட்டினார். மிளகு நுழையும் அளவு ஓட்டை. "திருடன் பின்னால வருவான். ஊட்டுக்குள்ள பூந்து, ஊட்டுக்காரனையே தின்னுட்டு, சின்னதா ஒரு சந்து பண்ணிக்கினு ஓடிருவான். தாத்தா சொல்வாரு, வெளிய வர்றவன்லாம் ஊட்டுக்காரன் இல்லடான்னு."

ஹம்சினி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. இரண்டு உருண்டைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றாள். பிறகு, கேட்டு வந்த எதையும் வாங்காமல், படியிறங்கி விடுவிடென்று நடந்தாள்.

"ஏம்மா, வசம்பு!" என்று பாய் கூவியது காதில் விழவில்லை.

அவள் எழுதியிருந்தது புங்கமரத்தைப் பற்றி. புங்கை பூக்கும் காலத்தில் சில மொட்டுகள் மட்டும் விரியாமல், பட்டாணிப் பருமனுக்கு உருண்டு நிற்கும். தெருவில் போகிறவர்கள் பிஞ்சு என்று நினைத்துக்கொள்வார்கள். புங்கங்காய் தட்டையானது, இது உருண்டை என்று நின்று பார்க்க யாருக்கு நேரம்? மொட்டுக்குள் ஒரு பூச்சி முட்டை வைக்கிறது. உடனே அந்த இடத்தில் மரத்தின் வளர்ச்சி திசை மாறிப்போகிறது. பூவாக வேண்டிய சதை சுவராகிறது. சுவருக்குள் ஓர் அறை, அறைக்குள் சாப்பாடு. செங்கல் மரத்துடையது, வரைபடம் பூச்சியுடையது. நெல்லில் ஆனைக்கொம்பன் ஈ செய்வதும், மாவிலையில் பருப் பருவாகக் கிளம்புவதும் இதே வேலைதான். ஹம்சினி தன் உருண்டைக்குப் பொய்க்காய் என்று பெயர் வைத்திருந்தாள். அதன் சுவரில் துவர்ப்பு எப்படி ஏறுகிறது, மாவுச்சத்து எங்கே சேர்கிறது என்பதெல்லாம் ஆய்வேட்டின் பெரும்பகுதி. நாலாம் அத்தியாயம் மட்டும் வேறு: இந்த வீட்டைக் கட்டுவது யார்?

குளவி என்று எழுதியிருந்தாள். கொசுவை விடச் சிறிய, பச்சையாய் மின்னும் குளவி. பெண் குளவியின் பின்னால் உடம்பு நீளத்துக்கு ஓர் ஊசி. பொய்க்காய்களைப் பறித்து ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தாள். மூன்று பருவம், நானூற்றுப் பதினெட்டுக் காய்கள். முந்நூற்றைந்திலிருந்து குளவி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. தனபாலன் சார் இறால் ஆராய்ச்சிக்காரர், பூச்சி அவருக்குத் தூரம். "ஓக் மரத்துல குளவின்னா புங்கையிலயும் குளவியா இருக்கட்டுமே" என்றுவிட்டார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இப்போது மொட்டை மாடி அறையில், பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பழைய காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் ஓட்டை. எல்லாம் ஒரே அளவு. சின்னது, வட்டமானது, சுத்தமானது. திருடன் போன வாசல்.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். கடைசிக் கட்டத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'காய்ந்து கெட்டவை, 113.' அந்த நூற்றுப் பதின்மூன்றை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. தூக்கி எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தது மட்டும்தான் புண்ணியம். பிளேடை எடுத்து ஒன்றைப் பிளந்தாள். உள்ளே ஒரு துளி தூசி. அடுத்ததிலும் அப்படியே. பதினோராவது காயில், உலர்ந்து சுருங்கி, ஆனால் முழுசாக ஒரு கூட்டுப்புழு கிடந்தது. அதன் தலையில் இரண்டு கூரான கொம்புகள்.

குளவியின் கூட்டுப்புழுவுக்குக் கொம்பு கிடையாது. இப்படி வீடு கட்டும் ஈயின் ஜாதியில்தான், சுவரைக் குடைந்து வெளியே வருவதற்காக, கூட்டுப்புழுவின் தலையில் இப்படிக் கொம்பு முளைக்கும்.

"ஆத்துல கொழந்தை பொறந்து பதினெட்டு நாள் ஆறது, சித்தி ஒருத்தி இருக்காளேன்னு பேர்" என்று கீழேயிருந்து ஸ்ரீலக்ஷ்மி குரல் கொடுத்தாள். "உரைமருந்து எங்கேடி?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? அதுக்குத்தானே போனே!"

"அக்கா, நான் வீட்டுக்காரனை எல்லாம் கொன்னுட்டேன்!"

"என்னடி உளர்றே?" கோமளம் மாடிப்படியில் பாதி ஏறி வந்து நின்றாள். "யாரு வீட்டுக்காரர்? வாடகை விஷயமா?"

ஹம்சினி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். மாட வீதிப் புங்கமரங்கள், கைகளை வெட்டிவிட்டது போல் மொட்டையாக நின்றன. அப்போதுதான் மிச்சமும் புரிந்தது.

ஒவ்வொரு பங்குனியிலும் கபாலி கோயில் தேருக்கு முன்னால் ஆட்கள் லாரியோடு வந்து, மாட வீதிகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைக் கழிப்பார்கள். தேரின் உச்சி எதிலும் சிக்கக் கூடாதே. புங்கை பூப்பதும் அதே சமயம்தான். வெட்டிய கிளைகள் மொட்டும் பூவுமாக நடைபாதையில் மலை போல் கிடக்கும். ஏணி வேண்டாம், மரமேறி வேண்டாம், நடுத்தெருவில் அண்ணாந்து நின்று நாலு பேர் வேடிக்கை பார்க்கும்படி ஆகவும் வேண்டாம். குனிந்து பறித்துக்கொண்டால் ஆயிற்று. மூன்று வருஷமும் ஹம்சினி அப்படித்தான் பறித்தாள். 'கபாலி தயவு' என்று வேறு சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வெட்டிய கிளையில் நீர் ஓட்டம் நின்றுவிடும். வீட்டுக்காரப் புழுவுக்கு இன்னும் சாப்பாடு தேவை. சுவர் வாடினால் அது பட்டினி கிடந்து சாகும். திருடனோ அதற்குள் வயிறு நிறையத் தின்றுவிட்டு உறங்கப் போயிருப்பான். கிளை காய்ந்தால் அவனுக்கு என்ன? ஆகவே அவள் பாட்டிலில் பிழைத்து வந்தவன் எப்போதும் திருடன்தான். தேர் ஓடிய ஊரில், தேருக்காக வெட்டிய கிளையை நம்பியவளுக்கு வேறு எதுவும் வந்திருக்க முடியாது.

கூடத்தில் டெலிபோன் அடித்தது.

"எங்கம்மா இருக்க?" தனபாலன் சார். "நாலேகால் ஆச்சு. பேனாவத் தெறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். 

"நிச்சயமா, சந்தேகமா?"

"சந்தேகம்தான் சார். கையில ஒரு காஞ்ச கூட்டுப்புழு இருக்கு. அவ்வளவுதான்."

"ஒரு காஞ்ச புழுவுக்காக ஒரு அத்தியாயத்தத் தூக்கிப் போட முடியாதும்மா. ஈயக் கொண்டா. எறக்கையோட, முழுசா. இருபத்தொம்பதாந் தேதி திங்கக்கிழம, இதே நாலு மணி. வந்தா புது அத்தியாயம் எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன்."

"ஈ வரலேன்னா?"

"வரலேன்னா இருக்கறதுல போடறேன். குளவியே இருந்துட்டுப் போகட்டும். எந்த எக்ஸாமினரும் புங்கமரத்துல ஏறிப் பாக்கப் போறதில்ல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. அது உண்மை. யாரும் ஏறிப் பார்க்கப் போவதில்லை. தப்பு என்று தெரிந்த ஒன்று, அவள் பெயரைத் தாங்கிக்கொண்டு நூலக அலமாரியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு வருஷத்தை இழக்க வேண்டும். வீட்டில் அதை எந்த வாயால் சொல்வது?

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் ஊரைச் சல்லடையாகச் சலித்தாள். மயிலாப்பூரில் மாட வீதி எங்கும் மொட்டை. தியாகராய நகரில் தேர்தல் காலத்துக் கட்அவுட் மறையக் கூடாதென்று கிளைகளைக் கழித்திருந்தார்கள். மைக் கட்டிய ஆட்டோக்கள் அவள் காதருகே அலறிக்கொண்டு போயின. அடையாறில் மரங்கள் முழுசாக இருந்தன, ஆனால் பூ முடிந்து, காய்களில் ஓட்டையும் விழுந்து ஓய்ந்திருந்தன. எட்டிப் பறித்த ஒன்றிரண்டில் ஓட்டை கொஞ்சம் பெரிதாக, விளிம்பு பிசிராக இருப்பது போலத் தோன்றியது. வெயிலிலும் காற்றிலும் அடிபட்டவற்றை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. கொட்டிவாக்கம் வரை போய் வந்தாள். செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம்.

வெள்ளி சாயங்காலம், மறந்து போன வசம்புக்காக மறுபடி பாய் கடைக்குப் போனாள். முகத்தைப் பார்த்தே அவர் கேட்டுவிட்டார். சொன்னாள்.

"புங்கமரமா? அட, எங்க ஊட்டுக் கொல்லையில கீதேம்மா. பாத்திரம் கழுவுற தண்ணியெல்லாம் அதுக்குத்தான் போவுது. எல்லா மரமும் பூத்து ஓஞ்சப்புறம்தான் அது பூக்கும், சோம்பேறி."

கடைக்குப் பின்னால் சந்தில் வீடு. பாயின் மனைவி நஸ்ருன்னிசா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். கொல்லையில் அந்தச் சோம்பேறி மரம் கீழ்க்கிளை வரை மொட்டும் பூவுமாக நின்றது. நடுநடுவே உருண்டை உருண்டையாகப் பொய்க்காய்கள். ஓட்டை இல்லாதவை.

ஹம்சினி ஒன்றைப் பறித்து, துவைக்கிற கல்லில் வைத்துப் பிளந்தாள். உயிரோடு இருக்கும் மரத்துக் காயை இவ்வளவு புதிதாக அவள் பிளந்ததே இல்லை. உள்சுவர் முழுவதும் சாம்பல் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் காலில்லாத ஒரு புழு நெளிந்தது.

"ஐயே, ரொட்டில பூக்குமே அந்த மாதிரி கீது. கெட்டுப் போச்சா?"

"இல்ல ஆன்ட்டி, அதான் அதுக்குச் சாப்பாடு! புஸ்தகத்துல படிச்சிருக்கேன், இந்த ஜாதில தாய் ஈ முட்டை வைக்கறச்சே இந்தப் பூஞ்சணத்தோட விதையையும் கூடவே வச்சுட்டுப் போறது. பூஞ்சணம் மரத்தோட சாறைக் குடிச்சு வளரும். புழு பூஞ்சணத்தைத் திங்கும்."

"அட, சட்டியும் அடுப்பும் சேத்தே சீர் அனுப்புறாளா!"

ஹம்சினி இரண்டாவது காயைப் பிளந்தாள். ஆரஞ்சுப் புழு இருந்தது, ஆனால் தொய்ந்து கிடந்தது. அதன் விலாவில் வெள்ளையாக இன்னொரு குட்டிப் புழு வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டிருந்தது. திருடன் சாப்பாட்டில் இருந்தான்.

ஆனால் புழுவை வைத்து ஈயின் பெயரைச் சொல்ல முடியாது. சார் கேட்டது இறக்கையோடு. சூரணம் சலிக்கிற மெல்லிய துணியில் நஸ்ருன்னிசா அன்று ராத்திரிக்குள் பன்னிரண்டு பைகள் தைத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை காலையில் ஹம்சினி காய்க்கொத்துகளின் மேல் அவற்றை மாட்டி, காம்பில் நூலால் கட்டினாள். இந்த முறை கிளை மரத்திலேயே இருந்தது.

பிறகு காத்திருப்பு. அது அவளுக்கு வராத வித்தை. தினமும் ஆறரை மணிக்கு வந்துவிடுவாள். பையைக் கழற்றினால் உள்ளே இருப்பது பறந்துவிடும் என்று தொடாமல், ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள். போவாள், பத்து மணிக்கு வருவாள், சாயங்காலம் வருவாள். வீட்டில் சாதத்தைப் பிசைந்தபடியே எழுந்து நடப்பாள்.

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி சுத்திக்கினு கீறே" என்பாள் நஸ்ருன்னிசா. "டீயக் குடி. நீ மொறச்சுப் பாத்தா அது எப்டிம்மா வரும்? வெக்கப்படாதா?"

செவ்வாய்க்கிழமை ஒரு பையில் ஏதோ அசைந்தது.  பச்சையாய் மின்னியது. குளவி. புதன்கிழமை இன்னும் மூன்று. எல்லாம் குளவி. ஒருவேளை நான்தான் குழப்பிக்கொள்கிறேனோ, வீட்டுக்காரனே குளவிதானோ என்று அன்று பகல் முழுவதும் அவளை ஆட்டியது.

வியாழக்கிழமை ஒரு காட்சி கிடைத்தது. பை மாட்டாத கொத்தில் ஒரு பெண் குளவி வந்து உட்கார்ந்தது. பட்டாணியளவு பருத்துவிட்ட காயின் மேல் நடந்து நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்தது, வைத்தியர் முதுகைத் தட்டிப் பார்ப்பது போல. பிறகு உடம்பை வளைத்து, அந்த நீள ஊசியைச் சுவருக்குள் மெல்ல இறக்கியது. ஹம்சினி கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். கட்டி முடிந்த வீட்டுக்குள் எதற்கு முட்டை? பிஞ்சு மொட்டில் முட்டை வைக்க இவ்வளவு நீள ஊசி எதற்கு? ஆய்வேட்டில் அந்த ஊசியை ஒன்றரைப் பக்கம் புகழ்ந்திருந்தாள். அது கட்டுகிறவளின் கருவி இல்லை, சுவரைத் துளைக்கிறவளின் கருவி.

பாதி ருசு கிடைத்துவிட்டது. மற்ற பாதிதான் வரவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹம்சினி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நாளை நாலு மணி. குளவியே இருந்துட்டுப் போகட்டும்.

"ஏம்மா, மூஞ்சி இப்டி ஆயிருச்சு?" நஸ்ருன்னிசா டீயை அவள் கையில் திணித்தாள். "நானும் என்னால ஆனதப் பண்ணிக்கினுதான கீறேன். உன் பைய எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கேன் பாத்தியா?"

"பையையா?"

"ஆமா. விடியக்காலைல தொழுகைக்கு எழுந்திருக்கறேனா, கொல்லையில வந்து மூஞ்சி கழுவுறப்போ பாத்தா, பைக்குள்ள கொசு பூந்துக்கினு தவிக்குது. மூணு நாளா தெனம் அதே கத. உன் குளவியப் போயி கடிச்சு வெச்சிரப் போவுதுன்னு, முடிச்ச அவுத்து ஒதறி வுட்டுட்டு, மறுபடியும் கட்டி வெக்கறேன்."

ஹம்சினி டம்ளரைக் கீழே வைத்தாள். வைக்கும்போது பாதி டீ கல்லில் கொட்டியது.

"ஆன்ட்டி. அந்தக் கொசுவுக்குக் கால் நீளமா? இறக்கை கொஞ்சம் சாம்பலா?"

"கொசு மாதிரிதாம்மா. ஆனா வவுறு செவப்பா இருந்துச்சு. ரத்தம் குடிச்சிருக்குமோன்னு நெனச்சேன்."

"எத்தனை?"

"ஏழு, எட்டு... நேத்து மட்டும் நாலு. இன்னாம்மா, ஏன் இப்டிப் பாக்கற? தப்புப் பண்ணிட்டனா?"

ஹம்சினி எழுந்து ஓடி, கிழக்குப் பக்கத்துப் பையின் முடிச்சைப் பிரித்தாள். காயின் மேல் ஓர் ஓட்டை, பிசிர் விளிம்போடு. அந்த ஓட்டையில், பாதி உள்ளே பாதி வெளியே, சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டியது போல, கண்ணாடித் தாள் மாதிரி ஒரு காலித் தோல் நீட்டிக்கொண்டிருந்தது. தலையில் இரண்டு கொம்பு. ஈ கூட்டை உடைக்கும்போது பாதி வெளியே வந்து, தோலை வாசலிலேயே விட்டுவிட்டுப் பறக்கும். குளவி கடித்துத் துளைத்துக்கொண்டு போகும், ஒன்றையும் விட்டுவைக்காது. இத்தனை நாளும் துணிக்கு வெளியிலிருந்து பறக்கிறதைத்தான் தேடினாள், வாசலைப் பார்க்கவில்லை. மற்ற பைகளையும் பிரித்தாள். எட்டு காய்களில் தோல் நீட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. நஸ்ருன்னிசா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! ஊட்டுக்காரனையா ஒதறி வுட்டேன்? நான் பாட்டுக்குக் கொசுன்னு... ஒண்ண அடிச்சே போட்டேம்மா!"

"பரவாயில்ல ஆன்ட்டி. நான் நூத்திப் பதிமூணு."

பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "முப்பது வருஷமா என்னயும் அப்டித்தாம்மா அடிக்கடி ஒதறி வுடுறா" என்றார்.

"நீங்க கடைக்குப் போங்க" என்றாள் நஸ்ருன்னிசா.

ஓட்டை விழாத காய் இன்னும் ஏழெட்டு மிச்சம் இருந்தது. அன்று பகல் முழுவதும் ஹம்சினி மாடி அறையில் நாலாம் அத்தியாயத்தைக் கையால் எழுதினாள். ஈ வரும் என்ற நம்பிக்கையில் எழுதினாள், வராவிட்டால் கிழித்துப்போட வேண்டியதுதான். தோல் மட்டும் போதாது, சார் சொன்னது சொன்னதுதான். நடுவில் ஸ்ரீலக்ஷ்மி குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஒரு கையால் ஆட்டிக்கொண்டு இன்னொரு கையால் எழுதினாள்.

திங்கட்கிழமை, கீழ்வானம் லேசாக வெளுக்கும்போது அவள் கொல்லையில் இருந்தாள். மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. நஸ்ருன்னிசா முகம் கழுவிவிட்டு, தொழுகைக்குப் போகும் முன் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு நான் கைய வெக்க மாட்டேன், சாமி" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஒரு காயின் தோல் உப்பியது. உள்ளிருந்து யாரோ விரலால் தள்ளுவது போல. கருப்பாக இரண்டு புள்ளிகள் வெளியே வந்தன. அவை சுழன்றன, நின்றன, மறுபடி சுழன்றன. சுவர் கிழிந்தது. கொம்பு வைத்த தலை வெளியே வந்து, தோள் வரை நீட்டி, நின்றுவிட்டது. ஹம்சினி வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எழுபதை எண்ணும்போது தோலின் முதுகு பிளந்தது. ஈரமாக, நொய்ந்த காலோடு, சிவப்பு வயிறோடு அது வெளியே வந்து, தன் பழைய தோலையே பற்றிக்கொண்டு தொங்கியது. இறக்கை மெல்ல மெல்ல நீண்டது.

"இவ்ளோ கஷ்டப்பட்டா வருது" என்றாள் நஸ்ருன்னிசா குரலைத் தாழ்த்தி. "எவ்ளோ நாளு இருக்கும்?"

"ஒரு நாள். ரெண்டு நாள் இருந்தா ஜாஸ்தி."

"மரத்துக்கு இதால நஷ்டமில்லியா?"

"பூக்கறதுல முக்காவாசி எப்படியும் உதிர்ந்துதான் போறது. அதுல கொஞ்சம் மொட்டை இது எடுத்துக்கறது. ரொம்ப எடுத்துக்காம குளவி பாத்துக்கறது. இது இல்லேன்னா குளவிக்குச் சாப்பாடு இல்ல, பூஞ்சணத்துக்கு மொட்டுக்குள்ள போக வழி இல்ல. ஒரு பட்டாணிக்குள்ள இத்தனை பேர் குடித்தனம்."

ஏழு மணிக்குள் ஆறு ஈ வந்தன. ஐந்தை ஸ்பிரிட் குப்பியில் போட்டாள்.  ஆறாவதை, இறக்கை காயும் வரை பார்த்துவிட்டு, மேல்கிளையில் விரியாத மொட்டுகளின் பக்கம் விட்டுவிட்டாள்.

நாலு மணிக்குத் தனபாலன் சார் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தோல் நீட்டிக்கொண்டிருந்த காயை வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துப் பிரதியை, கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, இருபத்திரண்டு பக்கமும் படித்தார். ஹம்சினி உட்காரவில்லை.

"அந்த முந்நூத்தஞ்சு குளவி?"

"எல்லாம் இருக்கு சார். அஞ்சாவது பிரிவுல, எதிரிகள்னு. ஆனா எத்தனை சதவீதம்னு எழுதல. வெட்டின கிளையில எடுத்த கணக்கு, அது பொய் சொல்லும். ஏன்னு அடிக்குறிப்புல இருக்கு."

"தேர் பத்தியா?" அவர் அடிக்குறிப்பைத் தேடிப் படித்து, உதட்டோரம் சிரித்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இத டைப் அடிச்சுச் சேத்துடு. ஆபீஸ் மூடறதுக்குள்ள நானே கொண்டு போயி வெக்கறேன்." பேனாவைத் திறந்தவர் அவள் புதிதாக எழுதியிருந்த நன்றிப் பக்கத்தில் நின்றார். "யாரும்மா இது, ஹபீபுர் ரஹ்மான், நஸ்ருன்னிசா? எந்த டிபார்ட்மென்ட்?"

"கச்சேரி ரோடு சார்."

அவர் நிமிர்ந்து ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார்.  கையெழுத்துப் போட்டு, ஊதி, தள்ளி வைத்தார்.

"இப்பவாவது உக்காரேன். ஒரு காப்பி சொல்றேன்."

"இல்ல சார், டைப்பிங் கடை ஏழு மணிக்கு மூடிடுவா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள். "அப்புறம், அந்த மரத்துல இன்னும் ரெண்டு காய் ஓட்டை விழாம இருக்கு. காலைல அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும். ஈயா, குளவியான்னு தெரியல."